குவீன் மேரி 2 கப்பலில் ஏழு இரவுகள்: எவ்வளவு ஆடம்பரமாக உடுத்த வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் அம்மா அப்பாவோடு குவீன் மேரி 2 கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகிறீர்கள். ஏழு இரவு. அதில் இரண்டு இரவு ‘காலா ஈவினிங்’, அதாவது சம்பிரதாயமாக உடுத்திப் போகும் விருந்து இரவு, மற்றவை ‘ஸ்மார்ட்’ உடை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா இதுவரை டை கட்டியதில்லை, இனியும் கட்ட மாட்டேன் என்கிறார். அம்மாவுக்குப் பட்டுப்புடவை அங்கே பொருந்துமா, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று தயக்கம்.

முதலில் அப்பாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். டை கட்டாமலேயே இந்தப் பயணத்தை முழுசாக அனுபவிக்கலாம். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் கப்பலில் பட்டுப்புடவைக்கு ஏற்ற இடங்கள் நிறைய இருக்கின்றன. நான் இதே வழியில் இரண்டு முறை போயிருக்கிறேன், ஒரு முறை என் மாமியாரோடு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு ஆடம்பரமாக உடுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால், மாலையில் கப்பலில் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று யோசியுங்கள். இந்தக் கப்பலை நடத்தும் குனார்ட் கம்பெனியின் விதி ஆளைவிட இடத்தையும் நேரத்தையும்தான் பார்க்கிறது. சாயங்காலம் 6 மணி வரை யாரும் எதையும் கேட்பதில்லை. 6 மணிக்குப் பிறகு கப்பலின் பெரும்பகுதி அன்றைய உடைக்கு மாறிவிடும். ஆனால் காலா இரவிலும் சில இடங்களில் சாதாரண உடையோடு உட்காரலாம். ஏழாவது தளத்தில் உள்ள கிங்ஸ் கோர்ட் பஃபே, அதே தளத்தின் கரிந்தியா லவுஞ்ச், இரண்டாவது தளத்தில் கோல்டன் லயன் பப், இந்த மூன்றும் அப்படிப்பட்டவை. அறைக்கே சாப்பாடு வரவழைக்கவும் முடியும். ஆகவே, ஆடம்பரமாக உடுத்திக்கொள்ள மனமில்லாத இரவில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை, அறையில் அடைந்து கிடக்க வேண்டியதும் இல்லை.

நீங்கள் அப்படி உடுத்திக்கொண்டு போனால் கிடைப்பது என்ன? பிரிட்டானியா ரெஸ்டாரன்ட் என்ற பெரிய சாப்பாட்டு மண்டபம், அப்புறம் குவீன்ஸ் ரூம். பிற்பகலில் வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர்கள் டீ கொண்டுவரும் அதே குவீன்ஸ் ரூம், ராத்திரியில் நடன மண்டபமாக மாறிவிடும். காலா இரவில் வாத்தியக் குழு வாசிக்கும். தனியாக வந்திருக்கும் பெண்களோடு ஆடுவதற்கென்றே கம்பெனி ஆட்களை வைத்திருக்கிறது. எண்பது வயதுத் தம்பதிகள் அவ்வளவு அழகாக உடுத்தி, அவ்வளவு நிதானமாக ஆடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆடத் தெரியாவிட்டாலும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கவாவது ஓர் இரவு அங்கே போக வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அம்மாவின் பட்டுப்புடவையை அந்த இரவுக்குத்தான் எடுத்து வைக்கச் சொல்வேன்.

மற்றக் கப்பல்களைவிட இந்தக் கப்பலில் மாலை நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதையும் சொல்ல வேண்டும். கரீபியனிலோ மத்தியதரைக் கடலிலோ போகும் கப்பல் பெரும்பாலான நாட்களில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். ஆட்கள் வெயிலில் ஊர் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்புவார்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து நேராக நியூயார்க் போகும் கப்பல் நடுவில் எங்கேயும் நிற்காது. நாள் முழுக்கக் கடல்தான். படிப்பது, சொற்பொழிவு கேட்பது, தளத்தைச் சுற்றி நடப்பது, இவற்றுக்குப் பிறகு அன்றைய பெரிய நிகழ்ச்சி என்றால் அது ராத்திரிச் சாப்பாடுதான். இன்னொன்று, மேற்கே போகும்போது ஏழில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அல்லது நடனத்தைக் கூடுதலாக ஒரு மணி நேரம் பார்க்கலாம். உடுத்திக்கொள்ள அவகாசமும் தெம்பும் இருக்கும் பயணம் இது.

சரி, அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் உங்களுக்குக் குழப்பம் அதிகம்.

காலா இரவில் ஆண்களுக்குச் சொல்லப்படுவது கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும், அல்லது அடர்நிற சூட்டும் டையும். அமெரிக்கர்கள் அந்த டின்னர் ஜாக்கெட்டை டக்சீடோ என்பார்கள். நியூயார்க் பக்கத்தில் டக்சீடோ பார்க் என்ற இடத்தில் 1886-ல் தொடங்கிய கிளப்பினால் வந்த பெயர் அது. நடைமுறையில் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தால் டின்னர் ஜாக்கெட் நிறைய தெரியும், சாதாரணக் கறுப்பு சூட்டும் நிறைய தெரியும். இந்த இரண்டோடு இன்னொரு வழியும் உண்டு. அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையையும் குனார்ட் ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை அணிந்து வருவது அங்கே சர்வ சாதாரணம்.

அந்த வழியில்தான் உங்கள் அப்பா டை இல்லாமல் உள்ளே போகப் போகிறார். என் முதல் யோசனை பந்த்கலா கோட்டு, அதாவது கழுத்து வரை பொத்தான் வைத்த ஜோத்பூரி கோட்டு. கறுப்பிலோ அடர் நீலத்திலோ ஒன்றை கோயம்புத்தூரிலேயே தைத்துவிடலாம். உள்ளே காலர் இறுகாது, டை கிடையாது, பார்ப்பதற்கு டின்னர் ஜாக்கெட்டுக்கு எந்த வகையிலும் குறைவில்லை. துணியை மட்டும் கொஞ்சம் நல்லதாக எடுங்கள். பளபளவென்று மின்னும் கல்யாண ரிசப்ஷன் துணி வேண்டாம். தைக்கக் கொடுக்கும்போது அப்பா நேரில் போய் அளவு கொடுக்க வேண்டும். தோள் சரியாக உட்கார்ந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அழகு. வாங்கினால் ஊரில் நடக்கும் கல்யாணங்களுக்கும் ஆகும், அதனால் செலவு வீணில்லை.

அப்பா வேட்டிதான் என்று நின்றால்? அதற்கும் எனக்குத் தடை சொல்லத் தோன்றவில்லை. சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது 2014-ல். அதே ஆண்டே அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும் யாருக்கும், வெளிநாட்டுக் கப்பலில் வேட்டியோடு வாசலில் நிற்க வேண்டி வருமோ என்ற கலக்கம் இருக்கத்தான் செய்யும். இந்தக் கப்பலின் பதிவு பெர்முடாவில். நம் சட்டம் அங்கே எட்டாது. ஆனால் நாட்டு உடைக்கு அவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். வேட்டி என்றால் என்னவென்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான். அதனால் கிளம்புவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அப்பாவுடைய வேட்டி சட்டைப் படம் ஒன்றை இணைத்து, இது எங்கள் சம்பிரதாய உடை, காலா ஈவினிங்கில் இதை அணியலாமா என்று கேளுங்கள். பதில் வந்ததும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா மனதில் கூச்சம் இல்லாமல் நடந்து போவதற்கு அந்த ஒரு வரி பதில் போதும்.

எந்த வேட்டி என்பதும் முக்கியம். நான் சொல்வது பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். ஊரில் காலை நடைக்குக் கட்டும் காட்டன் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அந்த மண்டபத்தில் நம் உடையின் கம்பீரத்தைக் காட்டாது. நாட்டு உடை என்று சலுகை கேட்டால், அந்த நாட்டில் கல்யாணத்துக்குப் போவது போலவே உடுத்த வேண்டும். கப்பல் அசையும், படிகள் உண்டு, அதனால் இடுப்பில் பெல்ட் கட்டாயம். ஒட்டும் பட்டை வைத்த வேட்டியாக இருந்தால் இன்னும் நிம்மதி. காலுக்கு ரப்பர் செருப்போ, வார் வைத்த செருப்போ வேண்டாம். வட இந்தியக் கல்யாணங்களில் போடும் மூடிய ஜுத்தி மாதிரி ஒன்று வேட்டிக்கும் பொருந்தும், பந்த்கலாவுக்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் அப்பாக்கள் பலர் பீரோவில் ஒரு சஃபாரி சூட் வைத்திருப்பார்கள். கோட்டு மாதிரிதானே என்று அதை எடுத்து வைப்பார்கள். மற்ற இரவுகளுக்கு அது தாராளமாக ஆகும். காலா இரவுக்கு வேண்டாம். அங்கே அவர் சங்கடப்பட நேரக் கூடாது.

அம்மாவுக்குச் சொல்வது எளிது. முதல் முறை போனபோது என் மாமியார் அரக்குக் கலரில் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு பெரிய படிக்கட்டில் இறங்கி வந்தார். கீழே நின்றிருந்த ஒரு ஆங்கிலேயப் பாட்டி நேராக வந்து, கையால் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்று இரவு முழுக்க ஜரிகையைப் பற்றித்தான் பேச்சு. புடவை அந்தக் கூட்டத்தில் அதிகமாகிவிடுமோ என்ற பயத்துக்கு இடமே இல்லை. தரை தொடும் கவுனும் மணிமாலையுமாக அத்தனை பெண்கள் நிற்கும் இடம் அது. உங்கள் அம்மா அவர்களுக்குச் சமமாக, தன் உடையில் நிற்பார்.

ஆனால் எடையைப் பாருங்கள். கனமான கல்யாணப் பட்டைவிட, சின்னக் கரை வைத்த மென்பட்டு நடமாட வசதி. ஹீல்ஸ் வேண்டாம். வட அட்லாண்டிக் சில நாள் அமைதியாக இருக்கும், சில நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் தட்டைச் செருப்புதான் கை கொடுக்கும். நிறைய ஊசிகள் எடுத்துப் போகட்டும், கப்பலில் தேடி அலைய முடியாது. சாப்பிட்டபின் ஏழாவது தளத்தில் கடலைப் பார்க்க வெளியே வந்தால் கோடையிலும் குளிரும். கப்பல் மணிக்கு 20 கடல்மைலுக்கு மேல் போகிறது, காற்று முந்தானையை இருக்கவிடாது. அதனால் ஒரு நல்ல கம்பளிச் சால்வை வேண்டும். நகை விஷயத்தில் என் கருத்து, கழுத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று போதும். அறையில் பெட்டகம் உண்டு, இருந்தாலும் விலை அதிகமானதை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது மனதுக்கு லேசு.

காலா இரவுக்குச் சில சமயம் ஒரு கருப்பொருள் வைப்பார்கள். கறுப்பு வெள்ளை, முகமூடி, இந்த மாதிரி. அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் கறுப்பு வெள்ளைக்கு ஒரு போச்சம்பள்ளிப் புடவை அற்புதமாகப் பொருந்தும். அப்பாவின் வெள்ளை வேட்டிக்கும் கறுப்புக் கரை போதும். முகமூடி இரவுக்குக் கையில் பிடிக்கும் சின்ன முகமூடி ஒன்றை லண்டனிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஐந்து இரவுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், தோல் ஷூ, விருப்பமானால் மேலே ஒரு கோட்டு. ஷார்ட்ஸும் கிழிந்த ஜீன்ஸும் கூடாது. அம்மாவுக்கு செட்டிநாடு காட்டன், மங்களகிரி, கோட்டா, எது வேண்டுமானாலும். உங்களுக்கு ஒரு குர்தாவோ சாதாரண கவுனோ. ஒரே புடவையை இரண்டு இரவு கட்டினால் என்ன என்று அம்மா கேட்டால், தாராளமாகக் கட்டட்டும். பிரிட்டானியாவில் பெரும்பாலும் தினமும் ஒரே மேஜை, பக்கத்தில் ஒரே ஆட்கள், அதனால் கவனிப்பார்களோ என்று தோன்றும். எங்கள் மேஜையில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை ஏழு இரவில் நான்கு இரவு ஒரே நீலக் கோட்டுதான் போட்டார். அவர் பேச்சுதான் ஞாபகம் இருக்கிறது.

அந்த மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாடு இரண்டு பந்தி, மாலை 6 மணி வாக்கில் ஒன்று, 8:30 வாக்கில் ஒன்று. முதல் பந்தி எடுத்தால் டீ குடித்த கையோடு ஐந்தரைக்குள் உடுத்தத் தொடங்க வேண்டும், புடவை கட்டுபவர்களுக்கு அது ஓட்டம். அப்பா அம்மா ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்களாக இருந்தாலும் இரண்டாம் பந்தியைக் கேளுங்கள். டீயோடு தட்டில் வரும் சாண்ட்விச் அதுவரை தாங்கும்.

இப்போது பெட்டி. சவுத்தாம்ப்டனில் ஏறும்போது விமானம் மாதிரி எடை பார்ப்பதில்லை என்பதால், எல்லாவற்றையும் அள்ளிப் போடத் தோன்றும். செய்யாதீர்கள். நியூயார்க்கிலிருந்து நீங்கள் திரும்புவது விமானத்தில். அங்கே பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். மூன்று பேருக்கும் காலா உடை ஆளுக்கு ஒன்றும், மாற்று ஒன்றும் போதும். இரண்டு காலா இரவுக்கு ஒரே பந்த்கலா, சட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பட்டுப்புடவை மட்டும் இரண்டு, அம்மாவுக்காக.

இஸ்திரிப் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். தீ அபாயம் என்று பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். குவீன் மேரி 2-ல் பயணிகள் தாங்களே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு, அதற்குக் காசு கிடையாது. காலா நாளன்று மத்தியானம் அங்கே கூட்டம் நெரியும். காலையிலேயே போய் வந்துவிடுங்கள். பட்டுக்கு இஸ்திரி வேண்டாம் என்றால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் சற்று நேரம் தொங்கவிட்டால் மடிப்பு இறங்கிவிடும். தண்ணீர் தெறிக்காத தூரத்தில் மாட்டுங்கள்.

முதல் இரவில் காலா கிடையாது, ஸ்மார்ட் உடைதான். காரணம் பழையது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஆட்களிடம் கொடுத்துவிடுவோம், அவை அறைக்கு வந்து சேர ராத்திரி கூட ஆகலாம். அந்தக் காலத்துக் கப்பல்களில் பெட்டிமேல் ‘வழியில் தேவைப்படாது’ என்று சீட்டு ஒட்டிக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள், உடுத்தும் பெட்டி மட்டும் அறைக்கு வரும். நான் வேறொரு கம்பெனிக் கப்பலில் போனபோது எங்கள் பெட்டி ஒன்பது மணிக்குத்தான் வந்தது, ரயிலில் வந்த உடையோடே சாப்பிட உட்கார வேண்டியதாயிற்று. என் கைப்பையில் மாத்திரைகூட இல்லை. அன்றிலிருந்து ஒரு சட்டை, ஒரு புடவை, மருந்துகள், கண்ணாடி, இவை கைப்பையில்தான்.

இதைப் படிக்கும் வேறு யாராவது சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு நாள் கப்பலுக்கோ கரீபியனுக்கோ யோசித்துக்கொண்டிருந்தால், மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குவீன் மேரி 2 உடை விஷயத்தில் ஒரு கோடியில் நிற்கும் கப்பல். நார்வீஜியன் என்ற கப்பல் கம்பெனி 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே கட்டாய உடை இரவுகளைக் கைவிட்டது. வைக்கிங் என்ற கம்பெனியின் கடல் கப்பல்களில் காலா இரவே கிடையாது. கார்னிவல் கம்பெனியில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஒரு ‘எலகன்ட்’ இரவு, 6 நாளும் அதற்கு மேலும் என்றால் இரண்டு, அதிலும் சூட்டு கட்டாயம் இல்லை. அங்கெல்லாம் ஊரில் ஒரு நல்ல ஹோட்டலுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போவது போல உடுத்தினால் போதும். கம்பெனியின் பெயரையும் நாட்களையும் பார்த்து அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள உடைப் பக்கத்தைப் படியுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. குனார்ட்கூட முன்பைவிடத் தளர்த்தியிருக்கிறது.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். இரண்டு காலா இரவிலும் மூவரும் காலா உடை உடுத்தியே ஆக வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். முதல் காலா இரவு எல்லோரும் சேர்ந்து போங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா நடனம் பார்க்கட்டும். இரண்டாவது இரவு அப்பாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கிங்ஸ் கோர்ட்டில் சாப்பிடட்டும், நீங்களும் அம்மாவும் பட்டுக் கட்டிக்கொண்டு போய் வாருங்கள். ஒருவர் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் மேஜையில் மற்ற இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

கடைசி இரவும் ஸ்மார்ட் உடைதான். அன்று பெரிய பெட்டிகளைக் கட்டி, தூங்கப் போகும் முன் அறை வாசலில் வைத்துவிட வேண்டும், ராத்திரியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் இறங்கும்போதுதான் அவற்றைப் பார்ப்பீர்கள். வெளியே வைப்பதற்கு முன், மறுநாள் காலைக்கு மூவருக்கும் ஒரு முழு செட் உடை, அம்மாவின் புடவைக்குப் பாவாடையும் ஜாக்கெட்டும் உட்பட, அறையிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே எழுந்து மேல் தளத்துக்குப் போனால் நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் அடியில் கப்பல் நுழைவதையும், தூரத்தில் சுதந்திர தேவி சிலையையும் பார்க்கலாம். அங்கே காற்று பலமாக இருக்கும், சால்வையைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.